நீதிமன்றத்தின் மூன்று இடங்களிலும் நின்றவர்: சட்டத்தரணி வில்லியம் ஃபாலன்

குற்ற வழக்கொன்று நடைபெறும் மன்றத்தில் மூன்று இடங்கள் முக்கியமானவை. அரசின் சார்பில் குற்றஞ்சாட்டுபவர் நிற்கும் இடம் ஒன்று. குற்றஞ்சாட்டப்பட்டவருக்காகப் பேசும் சட்டத்தரணியின் இடம் மற்றொன்று. குற்றஞ்சாட்டப்பட்டவர் தாமே நிற்கும் கூண்டு மூன்றாவது. சட்டத் தொழிலில் முதலிரு இடங்களிலும் நின்றவர்கள் பலர் உளர். மூன்றாவது இடத்திலும் நின்றவர்கள் மிகச் சிலரே. அச்சிலருள் ஒருவர், 1920களில் நியூயோர்க் நகரிற் பத்திரிகை வாசித்த எவர் வாயிலும் பெயர் அடிபட்ட வில்லியம் ஜோசப் ஃபாலன்.

பங்குச் சந்தைத் தரகர்கள், கடன் பத்திரக் களவிற் சிக்கியவர்கள், சூதாட்ட அதிபர்கள் ஆகியோரே அவரிடம் வந்த கட்சிக்காரர்களிற் பெரும்புள்ளிகள். கத்தியும் துப்பாக்கியும் இன்றி, பேனாவாலும் கணக்கேட்டாலும் பிறர் பணத்தைக் கவரும் குற்றத்துக்கு வெள்ளைக் கொலர் குற்றம் என்ற பெயரை எட்வின் சதர்லண்ட் என்ற அமெரிக்க சமூகவியலாளர் வழங்கியது 1939ஆம் ஆண்டில். அதற்குப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்பே ஃபாலன் இறந்துவிட்டார். ஆயினும், பெயர் பிறக்குமுன்பே அத்துறையில் முன்னணியில் நின்ற எதிர்த்தரப்புச் சட்டத்தரணிகளில் ஒருவராக அவர் விளங்கினார். அவர் வாழ்வு வெற்றியின் கதையாகத் தொடங்கி வீழ்ச்சியின் கதையாக முடிந்தது. அதனிடையே, உலகெங்கும் விசாரணை மேசைகளின் முன் அமர நேர்ந்தவர்கள் அறிந்திருக்க வேண்டிய செய்தி ஒன்றும் உண்டு.

அரசின் பக்கம்

ஃபாலன் 1886ஆம் ஆண்டு ஜனவரி மாதம் நியூயோர்க்கில் பிறந்தார். ஐரிஷ் வம்சாவளிக் கத்தோலிக்கரான அவர், யேசு சபையினர் நடத்திய ஃபோர்டம் பல்கலைக்கழகத்திற் கல்வி பயின்று, அங்கேயே சட்டமும் கற்றார். நியூயோர்க் நகருக்கு வடக்கே உள்ள வெஸ்ட்செஸ்டர் மாவட்டத்தில் தொழிலைத் தொடங்கினார். 1914ஆம் ஆண்டளவில், இருபத்தெட்டு வயதில், அம்மாவட்டத்தின் உதவி வழக்குத்தொடுநர் பதவி அவருக்குக் கிடைத்தது.

அம்மாவட்டத்திலேதான், ஹட்சன் ஆற்றங்கரையில், அமெரிக்காவின் பெயர்போன சிங் சிங் சிறைச்சாலை அமைந்துள்ளது. அதன் அதிபராக 1914 டிசம்பரில் பொறுப்பேற்ற தோமஸ் மொட் ஒஸ்போர்ன் வித்தியாசமான மனிதர். சிறை வாழ்வு எத்தகையது என்று அறிவதற்காக 1913இல் ஓபர்ன் சிறையில் ஒரு வாரம் கைதியின் உடையணிந்து தங்கியவர். சிங் சிங்கில் கைதிகளே தமக்குள் ஒழுங்கைப் பேணும் சங்கம் ஒன்றை அவர் வளர்த்தார். சீர்திருத்தவாதிகள் அவரைப் போற்றினர்; பழைய முறையில் நலன் கண்டவர்கள் அவரை வெறுத்தனர். 1915 டிசம்பரில் வெஸ்ட்செஸ்டர் பெரு யூரர் சபை ஒஸ்போர்ன்மீது பொய்ச் சத்தியம், கடமை தவறியமை முதலிய குற்றங்களைச் சுமத்தியது. அவ்வழக்கை நடத்தும் பொறுப்பு இளம் ஃபாலனின் கைக்கு வந்தது.

அரசுத் தரப்பின் சான்று பெரிதும் கைதிகளின் வாக்குமூலங்களையே நம்பியிருந்தது. நியூயோர்க்கின் கார்னெகி மண்டபத்தில் ஒஸ்போர்னுக்கு ஆதரவாகப் பெருங்கூட்டம் கூடியது. 1916 மார்ச் மாதம் பொய்ச் சத்திய வழக்கு விசாரணைக்கு வந்தபோது, அதை மேற்கொண்டு நடத்த ஆதாரம் போதாது என்று நீதிபதி தள்ளுபடி செய்தார். எஞ்சிய குற்றச்சாட்டுகளும் கைவிடப்பட்டன. அவ்வாண்டு ஜூலையில் ஒஸ்போர்ன் தமது பதவிக்கு மீண்டார்.

இத்தோல்வி ஃபாலனுக்குப் பாடசாலையாக அமைந்திருக்க வேண்டும். சலுகையை எதிர்பார்த்துச் சாட்சி சொல்பவனின் சொல் எவ்வளவு எளிதில் உடையும் என்பதை அவர் அரசின் பக்கத்தில் நின்றே கண்டார். பிற்காலத்தில் எதிர்த்தரப்பில் நின்று, அரசின் சாட்சிகளை ஒவ்வொருவராக உடைத்தபோது, அவ்வித்தையின் வேர் எங்கிருந்தது என்பதை ஊகிக்கக் கடினமில்லை. அவர் வாழ்வைத் தழுவி 1932இல் வெளிவந்த தி மவுத்பீஸ் என்ற திரைப்படம், நிரபராதி ஒருவரைத் தம் வாதத்தால் மரண தண்டனைக்கு அனுப்பிவிட்ட வழக்குத்தொடுநர் மனமுடைந்து மறுபக்கம் போவதாகக் கதை சொல்கிறது. அது திரையின் கதை. திறமைக்கு ஏற்ற ஊதியமும் புகழும் மாவட்ட அலுவலகத்தில் இல்லை, மன்ஹட்டன் தீவில் உண்டு என்பதே எந்த இளம் சட்டத்தரணிக்கும் போதிய காரணம்.

மன்ஹட்டனின் நாயகர்

யூஜீன் மக்கீ என்ற நண்பருடன் பங்குசேர்ந்து ஃபாலன் நியூயோர்க் நகரில் சட்ட அலுவலகம் அமைத்தார். சில ஆண்டுகளுக்குள் அவர் பெயர் நாடறிந்ததாயிற்று. செந்நிறத் தலைமுடியும் இனிய குரலும் உடைய அவர், கையிற் குறிப்பு எதுவுமின்றி மன்றத்தில் எழுந்து பேசுவார். இரவில் மருத்துவ நூலொன்றை வாசித்துவிட்டு, மறுநாள் காலை மருத்துவ நிபுணரையே குறுக்கு விசாரணையில் தடுமாற வைப்பார் என்று அக்காலத்தவர் வியந்தனர். பெரும் பணம் ஈட்டியபோதும், தமது தலைமுடியைத் தாமே வெட்டிக்கொள்ளும் விசித்திரப் பழக்கமும் அவருக்கு இருந்தது.

அமெரிக்க முறையின் ஓர் அம்சத்தை இங்கே விளங்கிக்கொள்ளுதல் வேண்டும். குற்றவாளி என்று தீர்க்கப் பன்னிரண்டு யூரர்களும் ஒருமனதாக உடன்பட வேண்டும் என்பதே அக்கால நியூயோர்க்கின் விதி. பதினொருவர் குற்றவாளி என்றும் ஒருவர் இல்லை என்றும் உறுதியாக நின்றால், யூரர் சபை கலைந்துவிடும். அரசு விரும்பினால் முதலிலிருந்து வழக்கைத் தொடங்க வேண்டியதுதான். ஃபாலன் இதை நன்கு உணர்ந்தவர். பன்னிருவரையும் வெல்ல அவர் முயல்வதில்லை. தம் பேச்சுக்கு இளகும் முகம் ஒன்றைத் தேடிப் பிடித்து, நாள் முழுவதும் அந்த ஒருவரை நோக்கியே பேசுவார் என்பர். இம்முறையிற் சட்டப் பிழை ஏதுமில்லை. ஆனால், ஒருவர் போதும் என்ற அந்தக் கணக்கே பின்னாளில் அவரைக் கூண்டுவரை இழுத்துச் சென்றது.

அவரை நாடி வந்தவர்களுள் முதன்மையானவர் ஆர்னல்ட் ரொத்ஸ்டைன். சூதாட்டத்தில் பெருஞ்செல்வம் சேர்த்த இவர், நியூயோர்க்கின் நிழலுலகுக்கே வங்கிபோல் விளங்கியவர். 1919ஆம் ஆண்டு பேஸ்போல் உலகத் தொடரில் சிக்காகோ வைட் சொக்ஸ் அணியினர் பணம் பெற்றுக்கொண்டு வேண்டுமென்றே தோற்றனர் என்ற பெரும் விவகாரம் வெடித்தபோது, ரொத்ஸ்டைனின் பெயரும் அடிபட்டது. அவருக்கும் அவரைச் சார்ந்தோருக்கும் ஆலோசனை வழங்கியவர் ஃபாலன்.

அவ்விவகாரத்திற் சிக்கிய முன்னாள் குத்துச்சண்டை வீரர் ஏப் அற்றெல் என்பவரைச் சிக்காகோவுக்கு அனுப்புமாறு கேட்கப்பட்டபோது, தேடப்படும் அற்றெல் வேறு, இங்கே நிற்கும் அற்றெல் வேறு என்று ஃபாலன் வாதிட்டார். சிக்காகோவிலிருந்து வந்த முக்கிய சாட்சியும் சாட்சிக் கூண்டிலேறி, இவர் அந்த மனிதரல்லர் என்று கூறிவிட்டார். அற்றெல் வீடு சென்றார். நகரம் சிரித்தது, சிலர் முகஞ்சுளித்தனர். ஃபாலனிடம் போனால் ஒரு வழி பிறக்கும் என்ற பேச்சு அத்துடன் இன்னும் பரவியது.

காணாமற்போன கடன் பத்திரங்கள்

ஃபாலனின் வாழ்விற் சட்ட வரலாறு மறவாத வழக்கு ஒன்று உண்டு. முதலாம் உலகப் போர் முடிந்த காலத்தில், நியூயோர்க்கின் வோல் வீதியில் பங்குகளும் கடன் பத்திரங்களும் ஓர் அலுவலகத்திலிருந்து மற்றோர் அலுவலகத்துக்குச் சிறுவர்களின் கையிலேயே சென்றன. அவற்றுட் பல, கையில் வைத்திருப்பவருக்கே உரியவை, பணத்தாள் போன்றவை. திடீரென்று இச்சிறுவர்கள் வழியில் தாக்கப்பட்டனர். சிலர் பத்திரங்களுடன் மறைந்தனர். சில சம்பவங்களிற் சிறுவர்களும் களவுக்கு உடந்தை என்பது பின்னர் தெரியவந்தது. களவுபோனவற்றின் மொத்தப் பெறுமதி சுமார் ஐம்பது இலட்சம் டொலர் என்று மதிப்பிடப்பட்டது.

பிடிபட்ட இளைஞன் ஒருவன் கொடுத்த தகவலின் பேரில், இக்களவின் சூத்திரதாரி நிக்கி ஆர்ன்ஸ்டைன் என்று பொலிஸார் அறிவித்தனர். ஆர்ன்ஸ்டைன் நாகரிகமான தோற்றமுடைய சூதாடி. புகழ்பெற்ற மேடைப் பாடகி ஃபனி பிறைஸின் கணவர். பிற்காலத்தில் ஃபனி கேர்ள் என்ற 1968ஆம் ஆண்டுத் திரைப்படத்தில் பார்பரா ஸ்ட்ரைசண்டும் ஓமர் ஷரீஃபும் நடித்துக் காட்டியது இத்தம்பதியரின் கதையே. 1920 பெப்ரவரியில் ஆர்ன்ஸ்டைன் தலைமறைவானார். அவ்வாண்டு மே மாதம், ஃபாலனின் ஏற்பாட்டின்படி சரணடைந்தார். அன்று நகரில் பொலிஸாரின் வருடாந்த அணிவகுப்பு நடந்துகொண்டிருந்தது. தேடப்பட்டவரை ஏற்றிய மோட்டார் வண்டி அந்த அணிவகுப்பின் நடுவே ஐந்தாம் அவெனியூவில் சென்றதாகப் பத்திரிகைகள் எழுதி மகிழ்ந்தன.

வேடிக்கை அத்துடன் முடிந்தது. நட்டமடைந்தவர்கள் ஆர்ன்ஸ்டைனை வங்குரோத்தடைந்தவராக அறிவிக்கச் செய்தனர். வங்குரோத்துச் சட்டத்தின்படி அவர் தமது சொத்துகளின் பட்டியலைச் சத்தியம் செய்து ஒப்படைக்க வேண்டும். விசாரணையாளர் முன் தோன்றிக் கேள்விகளுக்குப் பதிலளிக்கவும் வேண்டும். பத்திரங்கள் எங்கே என்ற கேள்வியைக் குற்ற வழக்கிற் கேட்க முடியாதவர்கள், சொத்து விசாரணை என்ற பெயரிற் கேட்பதற்கு இது வழிசெய்தது.

ஆர்ன்ஸ்டைன் பட்டியலைக் கொடுத்தார். ஆனால், அதைப் பற்றிய கேள்விகள் பலவற்றுக்குப் பதில் கூற மறுத்தார். எவரும் தமக்கெதிராகத் தாமே சாட்சி சொல்லும்படி வற்புறுத்தப்படலாகாது என்று அமெரிக்க அரசியலமைப்பின் ஐந்தாவது திருத்தம் 1791ஆம் ஆண்டிலிருந்து கூறி வருகிறது. அந்த உரிமையை அவர் சுட்டிக்காட்டினார். பட்டியலைக் கொடுத்தபோதே மௌனத்தின் உரிமையை நீர் கைவிட்டுவிட்டீர் என்பது எதிர்த்தரப்பின் வாதம். பதில் சொல்லாதது நீதிமன்ற அவமதிப்பு என்று அவரைச் சிறையிலிட உத்தரவாயிற்று. ஆட்கொணர்வு மனு கீழ் நீதிமன்றத்தில் நிராகரிக்கப்பட்டது. ஃபாலனின் அலுவலகம் வழக்கை வாஷிங்டனில் உள்ள உச்ச நீதிமன்றத்துக்குக் கொண்டுசென்றது.

மௌனத்தின் உரிமை

உச்ச நீதிமன்றம் 1920 நவம்பர் 8ஆம் திகதி தீர்ப்பளித்தது. தீர்ப்பை எழுதியவர் நீதியரசர் மக்ரெனோல்ட்ஸ். சொத்துப் பட்டியல் தன்னளவிற் குற்றத்தை ஒப்புக்கொள்வதாக இல்லாதபோது, அதைக் கொடுத்தமையால் மட்டும் ஒருவர் மேற்கொண்டு மௌனம் காக்கும் உரிமையை இழந்துவிடமாட்டார் என்று மன்றம் கூறியது. ஆர்ன்ஸ்டைனின் பக்கம் வென்றது.

இதில் இன்னொரு நுட்பமும் இருந்தது. வங்குரோத்து விசாரணையிற் கூறுவதைக் குற்ற வழக்கில் உமக்கெதிராகப் பயன்படுத்தமாட்டோம் என்று சட்டமே உறுதியளித்திருந்தது. அப்படியானால் பேசுவதில் என்ன தீங்கு என்று கேட்கத் தோன்றும். தீங்கு இதுதான்: அவர் வாயிலிருந்து வந்த சொல்லைப் பயன்படுத்தமாட்டார்கள், ஆனால், அச்சொல் காட்டிய திசையிற் போய், மண்ணைத் தோண்டி, அங்கே அகப்படுவதைப் பயன்படுத்துவதை அந்த உறுதிமொழி தடுக்கவில்லை. அரைப் பாதுகாப்பு பாதுகாப்பாகாது. முழுப் பாதுகாப்புத் தராத சட்டம் அரசியலமைப்பு அளித்த உரிமைக்கு ஈடாகாது என்பதே மன்றத்தின் நிலைப்பாடு.

ஆர்ன்ஸ்டைன் விவகாரம் மீண்டும் மீண்டும் உச்ச நீதிமன்றத்துக்குச் சென்றது. இறுதியாக, 1924 ஒக்டோபரில் நீதியரசர் பிரண்டைஸ் எழுதிய தீர்ப்பு இக்கொள்கையை ஐயத்துக்கிடமின்றி உறுதிசெய்தது. வழக்கு குற்ற வழக்கா, பணம் சொத்துப் பற்றிய வழக்கா என்பது பொருட்டல்ல. கூறும் பதில் ஒருவரைக் குற்றத்தில் மாட்டிவிடக்கூடுமாயின், எந்த விசாரணையிலும் அவர் அந்தப் பதிலைக் கூற மறுக்கலாம் என்பது அதன் சாரம். 1966ஆம் ஆண்டு மிராண்டா வழக்கில், பொலிஸ் காவலிற் கேள்வி கேட்கப்படுமுன் மௌனத்தின் உரிமையைக் கைதிக்கு எடுத்துச் சொல்ல வேண்டும் என்று அதே நீதிமன்றம் விதித்தது. மன்றத்துக்கு வெளியிலும் இவ்வுரிமை விரிந்து சென்ற நெடும்பாதையில், ஆர்ன்ஸ்டைன் வழக்குகளும் ஒரு மைல்கல்.

சிலர் கேட்கலாம்: இவ்வுரிமை கள்வரைத் தப்பவிடுவதற்கன்றோ உதவியது? நடந்தது அதற்கு மாறானது. திருடப்பட்ட பத்திரங்களை வாஷிங்டனுக்குள் கொண்டுவரச் சதி செய்ததாக ஆர்ன்ஸ்டைன்மீது அந்நகரில் குற்ற வழக்கு நடந்தது. முதல் விசாரணையில் யூரர்கள் உடன்படவில்லை. பின்னர் தனிப்பட்ட பிணக்கொன்றினால் ஃபாலன் ஆர்ன்ஸ்டைனை விட்டு விலகினார். அடுத்த விசாரணையில், 1921இல், ஆர்ன்ஸ்டைன் குற்றவாளியாகக் காணப்பட்டார். மேன்முறையீடுகள் முடிந்து 1924இல் அவர் லெவன்வேர்த் சிறைக்குச் சென்றார். பிரண்டைஸின் தீர்ப்பு வந்தபோது அவர் கைதி. அவரைச் சிறைக்கு அனுப்பியது பிறர் சாட்சியமே. அவர் வாயிலிருந்து பிடுங்கிய சொல் ஒன்றுகூட அதற்குத் தேவைப்படவில்லை. மௌனத்தின் உரிமை நீதியைத் தடுக்கவில்லை. அரசு தன் வேலையைத் தானே செய்ய வேண்டும் என்று மட்டுமே அது கேட்டது.

சிறு சேமிப்பாளரின் கண்ணீர்

அடுத்து வந்த கட்சிக்காரர்கள் பங்குத் தரகர்கள். அக்கால நியூயோர்க்கில் ‘பக்கெற் ஷொப்’ என்று வழங்கிய ஒருவகைத் தரகு நிலையங்கள் மலிந்திருந்தன. நூறு டொலர் பெறுமதியான பங்கொன்றை வாங்க விரும்பும் ஒருவர் பத்து டொலரை மட்டும் செலுத்துவார்; எஞ்சியதைத் தரகர் கடனாகத் தருவதாகப் பேச்சு. நேர்மையான தரகர் பங்கை வாங்கி வைப்பார். இந்நிலையங்களோ பங்கை வாங்கியதாகக் கணக்கெழுதுவதோடு நின்றுவிடும். விலை விழுந்தால், வாடிக்கையாளரின் பத்து டொலர் தரகரின் சட்டைப்பைக்குள். விலை ஏறினால், இல்லாத பங்கின் இலாபத்தைத் தரகர் கொடுக்க வேண்டும். ஆகவே, விலைகள் விழும் காலம் அவர்களுக்கு அறுவடைக் காலம். 1921இன் பிற்பகுதியிலிருந்து சந்தை ஏறத் தொடங்கியதும், இந்நிலையங்கள் வரிசையாகச் சரிந்தன.

எட்வர்ட் ஃபுல்லர் என்பவரின் தலைமையில் இயங்கிய ஈ. எம். ஃபுல்லர் நிறுவனம் 1922 ஜூன் மாதம் வங்குரோத்தாயிற்று. பணத்தை இழந்தவர்களுள் பெருஞ்செல்வர் சிலரே. மாதச் சம்பளத்திற் சிறுகச் சிறுகச் சேர்த்தவர்களே அதிகம். சீட்டுப் பிடித்தவர் காசுடன் மறைந்தாற் குடும்பங்கள் எப்பாடு படும் என்பதை அறிந்த எம்மவருக்கு அந்த இழப்பை விளக்கத் தேவையில்லை.

ஃபுல்லரைக் காக்க முன்வந்தவர் ஃபாலன். விசாரணைகளில் யூரர்கள் உடன்பாடின்றிக் கலைந்தனர். பணமிழந்தவர்கள் ஏமாற்றத்துடன் வீடு திரும்பினர். ஒருமுறை நடந்தால் தற்செயல் எனலாம். மீண்டும் நடந்தபோது நகரில் முணுமுணுப்பு எழுந்தது. வில்லியம் ரண்டொல்ஃப் ஹேர்ஸ்ட் என்ற பத்திரிகை அதிபருக்குச் சொந்தமான நியூயோர்க் அமெரிக்கன் நாளேட்டின் செய்தியாளர் நற் ஃபேர்பர், தரகு நிலையங்களின் மோசடிகளைத் தொடர்ந்து அம்பலப்படுத்தி வந்தார். அவர் பார்வை இப்போது சட்டத்தரணியின் பக்கம் திரும்பியது. ஃபுல்லரோ, அத்தனை விசாரணைகளுக்குப் பின்பும் மீள முடியாமல், 1923இல் குற்றத்தை ஒப்புக்கொண்டார்.

மூன்றாவது இடம்

ஃபாலனின் அலுவலகத்திற் பணியாற்றி வெளியேறிய ஏர்னஸ்ட் ஐட்லிட்ஸ் என்பவர் ஒரு குற்றச்சாட்டுடன் முன்வந்தார். வேறொரு தரகர் வழக்கில் யூரர் ஒருவரின் உடன்பாடின்மையை ஃபாலன் ஐயாயிரம் டொலர் கொடுத்து வாங்கினார் என்பதே அது. ஃபாலன்மீது சமஷ்டி நீதிமன்றத்தில் வழக்குத் தாக்கலாயிற்று. அவர் தலைமறைவானார், 1924 ஜூனில் நியூயோர்க்கிலேயே ஒரு வீட்டிற் கண்டுபிடிக்கப்பட்டுச் சிறை வைக்கப்பட்டார். ஒருகாலத்திற் பிறரைச் சிறைக்கு அனுப்பியவர், பின்னர் பிறரைச் சிறையிலிருந்து மீட்டவர், இப்போது தாமே கம்பிகளுக்குப் பின்னால் இருந்தார்.

அவ்வாண்டுக் கோடையில் விசாரணை நடந்தது. ஃபாலன் தம் வழக்கைத் தாமே நடத்தினார். தம் கட்சிக்காரருக்காகப் போராடிப் பெற்ற மௌனத்தின் உரிமை அவருக்கும் இருந்தது. அவர் அதைப் பயன்படுத்தவில்லை. சாட்சிக் கூண்டிலேறிப் பேசினார். ஐட்லிட்ஸ் நம்பத்தகாதவர் என்றும், தம்மை அழிக்க ஹேர்ஸ்ட்டின் பத்திரிகை சதி செய்கிறது என்றும் கூறினார். ஹேர்ஸ்ட்டின் தனிவாழ்வு தொடர்பான ஆவணங்கள், ஒரு திரைப்பட நடிகையின் பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்கள், தம்மிடம் இருப்பதாக எண்ணியே இச்சதி என்றும் சாட்சியமளித்தார். மன்றம் திகைத்தது, மறுநாட் பத்திரிகைகளுக்கு வேறு செய்தி தேவைப்படவில்லை. கவனமெல்லாம் யூரரின் ஐயாயிரம் டொலரை விட்டு, பத்திரிகை அதிபரின் வீட்டு வாசலுக்குத் திரும்பியது. ஒரு வழக்குத்தொடுநரின் பயிற்சியும் எதிர்த்தரப்புச் சட்டத்தரணியின் அனுபவமும் சேர்ந்து அன்று அவருக்குக் கைகொடுத்தன.

ஆகஸ்ட் மாதம் யூரர்கள் அவரைக் குற்றவாளியல்லர் என்று விடுவித்தனர். சட்டத்தின் கண்களில் ஃபாலன் நிரபராதி. ஆனால், தீர்ப்பு வந்த உடனேயே தம்மை அம்பலப்படுத்திய செய்தியாளரிடம் சென்று, இனி எந்த யூரருக்கும் கைக்கூலி கொடுக்கமாட்டேன் என்று அவர் காதோடு சொன்னதாக ஒரு கதை பிற்காலத்திற் பரவியது. அவர் வரலாற்றை எழுதியவர்களும் அச்சந்தேகத்தை முற்றாகக் கைவிடவில்லை. ஒரு மனிதரின் விடுதலையைக் கேட்ட ஊர் நம்பாமற் சிரிக்கிறதென்றால், அவர் வென்ற வழக்கில் எதையோ தோற்றுவிட்டார் என்றுதான் பொருள்.

அதன்பின் பெரிய கட்சிக்காரர்கள் வரவில்லை. குடிப்பழக்கம் உடலைத் தின்றது. குடும்பத்தை விட்டு விலகி ஹோட்டல்களில் வாழ்ந்த ஃபாலன், ஈட்டியதை எல்லாம் செலவழித்துவிட்டு, 1927 ஏப்ரல் 29ஆம் திகதி இதய நோயால் காலமானார். அப்போது வயது நாற்பத்தொன்று. நான்கு ஆண்டுகளின் பின்னர், 1931இல், ஜீன் ஃபௌலர் என்ற எழுத்தாளர் அவர் வரலாற்றை நூலாக எழுதினார். அதன் தலைப்பில் அவருக்கு மாபெரும் வாய் என்ற பொருள்படும் பட்டம் சூட்டப்பட்டது.

எஞ்சியது எது?

ஃபாலனின் வழக்குகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் ஓர் உண்மை புலனாகும். நகரம் வியந்த தந்திரங்களின் பயன் நீடிக்கவில்லை. யூரர்கள் கலைந்ததால் ஃபுல்லர் பெற்ற அவகாசம் அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டதில் முடிந்தது. முதல் விசாரணையிற் கிடைத்த உடன்பாடின்மை ஆர்ன்ஸ்டைனைச் சிறையிலிருந்து காக்கவில்லை. ஃபாலனே பெற்ற விடுதலை அவர் பெயரை மீட்கவில்லை. இவற்றால் நட்டப்பட்டவர்கள், தம் சேமிப்பை இழந்து, அதற்கு நியாயமும் கிடைக்காமல் ஆண்டுக்கணக்கிற் காத்திருந்த எளியவர்கள்.

ஆனால், பகல் வெளிச்சத்தில், நீதியரசர்களின் முன், சட்ட நூலைத் திறந்து வைத்து வாதிட்டுப் பெற்ற ஒன்று மட்டும் இன்றும் நிற்கிறது. அதைப் பெற்றவர் ஒரு சூதாடி. அதற்காக வழக்காடியவர் சந்தேகத்துக்குரிய சட்டத்தரணி. இருந்தபோதும், அது அவர்களுக்கு மட்டும் உரியதாக நிற்கவில்லை. பெயரற்ற ஏழைக்கும், மொழி தெரியாத வெளிநாட்டவருக்கும், ஊரே குற்றவாளி என்று தீர்த்துவிட்ட மனிதருக்கும் அதே நிழல் கிடைத்தது. உரிமைகள் பெரும்பாலும் நல்லவர்களின் வழக்குகளில் பிறப்பதில்லை. எவருக்கும் பிடிக்காத ஒருவருக்கு மறுக்கப்பட்டது நாளை எவருக்கும் மறுக்கப்படலாம் என்பதை நீதிமன்றம் உணரும் வேளையிலேயே அவை பிறக்கின்றன.

அதிகாரி ஒருவர் மேசைக்கு அப்பால் அமர்ந்து கேள்வி கேட்க, இப்பால் அமர்ந்து வியர்த்த அனுபவம் எம் வாசகர் பலருக்கு உண்டு. ஒன்றை இங்கே வேறுபடுத்திக்கொள்ள வேண்டும். புகலிடம் கோரும் விசாரணையில் தம் கதையை உண்மையாகவும் முழுமையாகவும் எடுத்துரைப்பதே விண்ணப்பதாரரின் பலம். மௌனம் அங்கே உதவாது. குற்றச்சாட்டின் நிழல் விழும் விசாரணை வேறு. அங்கே எப்போது பேசுவது, எப்போது பேசாதிருப்பது என்பதைத் தகுதியுள்ள சட்டத்தரணி ஒருவரிடம் கேட்டறிந்த பின்னரே முடிவு செய்தல் வேண்டும்.

சட்டத்தரணியைத் தேடும்போது, அவருக்கு உள்ளே ஆட்களைத் தெரியும், எப்படியும் ஒரு வழி செய்து தருவார் என்று சொல்லும் குரல்கள் எல்லா நாட்டிலும் எல்லாக் காலத்திலும் கேட்கும். 1920களின் மன்ஹட்டனில் ஃபாலனைப் பற்றியும் அப்படித்தான் சொன்னார்கள். அந்த வழிகளை நம்பிப் போனவர்கள் எங்கே போய்ச் சேர்ந்தார்கள் என்பதை அவர் வாழ்வே காட்டிவிட்டது. அந்த அலுவலகத்தின் பேரேட்டில் இன்றுவரை அழியாமல் இருக்கும் வரவு, 1920 நவம்பரில் உச்ச நீதிமன்றத்திற் கிடைத்த அந்தத் தீர்ப்பு ஒன்றே.